கண்டன்சரை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளியான வீட்டு மின்கருவிப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றில், ஒலிபெருக்கியிலோ பழைய ரேடியோவிலோ இடைவிடாத ரீங்காரம் கேட்டால், அதன் பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரியதைப் பொருத்தினால் குறை தீர்ந்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றின் மின்னணுவியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது ஊரில் தெரிந்தவர்களின் கருவிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்துவரும் எனக்கு, இந்த அறிவுரையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கண்டன்சர் வறண்டு போவதால் ரீங்காரம் வருவது உண்மைதான். பல நேரங்களில் அதுவே காரணமாகவும் இருக்கும். ஆனால் அதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ளாமல் கண்டன்சரை மாற்றுவது, காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது. அந்தத் தவறால் ஒரு கருவி மூன்று கடைகள் ஏறி இறங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சென்ற கோடையில் எங்கள் ஊரில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த ஆசிரியை, தம்முடைய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். “பகலில் ஒன்றும் இல்லை சார், விளக்கு வைக்கிற நேரத்தில்தான் உறும ஆரம்பிக்கிறது, சட்ஜம் நிற்காமல் ஆடுகிறது” என்றார். சட்ஜம் என்பது பாட்டுக்கு ஆதாரமான ‘ஸ’ ஸ்வரம். அதற்கு முன் மூன்று பேர் அதைத் திறந்து பார்த்திருந்தார்கள். முதலாமவர் உள்ளே இருந்த 1000 மைக்ரோஃபாரட் (கண்டன்சரின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) கண்டன்சரை எடுத்துவிட்டு 2200 போட்டிருக்கிறார். அடுத்தவர் அதை 3300 ஆக்கியிருக்கிறார். மூன்றாமவர் 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றைப் பலகையில் இடமில்லாமல் ஒயர் இழுத்துப் பக்கச் சுவரில் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் கடையில் பெட்டி அமைதியாகப் பாடியிருக்கிறது. வீட்டுக்குப் போன அன்றே மாலையில் மீண்டும் உறுமியிருக்கிறது. கண்டன்சர் பெரிதாகப் பெரிதாக உறுமல் சற்றுக் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

என் மேசையிலும் அந்தப் பெட்டி பகல் பதினொரு மணிக்குச் சிறிதும் குறை காட்டவில்லை. ஆகவே மல்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் எடுத்துக்கொண்டு, அன்று மாலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். முதலில் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டை அளந்தேன். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 194 வோல்ட்தான் இருந்தது. தெருக்கோடியில் இருக்கும் வீடு, கோடைக்காலத்து மாலை, எல்லா வீடுகளிலும் மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடும் நேரம். இந்த ஓர் எண்ணைப் பார்த்ததுமே விடையில் பாதி கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். ஏன் என்பதை விளக்க, இந்த வகைப் பவர் சப்ளை வேலை செய்யும் முறையைச் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தை டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட்டாகவோ 15 வோல்ட்டாகவோ இறக்கித் தருகிறது. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கைப் பாலம் போலக் கட்டியிருப்பார்கள். அவை அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்துவிடுவதால், நொடிக்கு 100 மேடுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கண்டன்சர் நிரம்புகிறது; அடுத்த உச்சி வரும்வரை கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சிற்றலை என்கிறோம். கடைகளில் ரிப்பிள் என்பார்கள். அதன் அளவைத் தோராயமாகக் கணக்கிடுவது எளிது: கருவி இழுக்கும் ஆம்பியரை நொடிக்கு 100 என்ற எண்ணாலும், கண்டன்சரின் கொள்ளளவை ஃபாரடில் (பத்து லட்சம் மைக்ரோஃபாரட் ஓர் ஃபாரட்) எழுதி அதனாலும் வகுக்க வேண்டும். ஓர் ஆம்பியர் இழுக்கும் கருவியில் 1000 மைக்ரோஃபாரட் இருந்தால் சிற்றலை 10 வோல்ட் வரும். 4700 இருந்தால் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் பத்து மில்லி நொடி முழுவதும் கண்டன்சர் தனியாகச் சுமப்பதில்லை.

இதற்கு அடுத்து வருவது ரெகுலேட்டர். மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் சில்லு அது. அந்தப் பெட்டியில் இருந்தது இத்துறையில் எல்லோரும் அறிந்த 7812 என்ற வகை. சரியாக வேலை செய்யும்போது அது தன் உள்ளே வரும் சிற்றலையை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 12 வோல்ட்டைச் சமமாகத் தரும். ஆனால் அப்படி வேலை செய்ய வேண்டுமானால் அதன் உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே தர வேண்டியதைவிடச் சுமார் இரண்டு வோல்ட் கூடுதலாக, அதாவது 14 வோல்ட்டாக, எப்போதும் இருக்க வேண்டும். சராசரி 14 இருந்தால் போதாது. சிற்றலையின் பள்ளத்தில்கூட 14 இருக்க வேண்டும். ஒரு நொடியில் நூறு முறை பள்ளம் 14-க்குக் கீழே போனால், அந்த நூறு முறையும் ரெகுலேட்டர் கையை விட்டுவிடும். உள்ளே என்ன வருகிறதோ அதுவே வெளியேயும் போகும்.

இப்போது அந்த 194 வோல்ட்டைப் பாருங்கள். பெட்டியில் இருந்தது 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். மாறுமின்னழுத்த அலையின் உச்சி, சொல்லப்படும் வோல்ட்டைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பதால், சுவரில் 230 இருந்தால் அதன் உச்சி ஏறத்தாழ 17 வோல்ட். ஒரே நேரத்தில் இரண்டு டையோடுகள் வழியாகப் போக வேண்டியிருப்பதால் அதில் ஒன்றரை வோல்ட் கழியும். கண்டன்சருக்குப் பதினைந்தரை கிடைக்கும். ரெகுலேட்டர் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். சுவரில் 194 ஆகிவிட்டால் அந்த உச்சி 14.3, ஒன்றரை கழிந்தால் 13 வோல்ட்கூட இல்லை. பள்ளத்தை விடுங்கள், உச்சியே 14-ஐ எட்டவில்லை. இந்த நிலையில் கண்டன்சரை 4700 என்ன, 10,000 ஆக்கினாலும் ரெகுலேட்டரை வேலை செய்ய வைக்க முடியாது, ஏனென்றால் கண்டன்சர் பள்ளத்தைத் தூர்க்குமே தவிர உச்சியை உயர்த்தாது.

கணக்கோடு நிறுத்தாமல் அளந்தும் பார்த்தேன். கண்டன்சரின் இரு முனைகளில் நேர்மின்னழுத்தம் 12.6 வோல்ட், மீட்டரை மாறுமின்னழுத்தத்துக்கு மாற்றி, நேர்மின்னழுத்தம் உள்ளே போகாதபடி அதன் முனையில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டன்சரைத் தொடராக வைத்து அளந்தபோது 0.1 வோல்ட். ரம்பப்பல் வடிவச் சிற்றலைக்கு மீட்டர் காட்டும் எண்ணை மூன்றரை மடங்காக்கினால் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் கிடைக்கும் என்பதால், அது சுமார் 0.35 வோல்ட். ரெகுலேட்டரின் வெளிக்காலில் 12 இருக்க வேண்டிய இடத்தில் 11.1 வோல்ட், அங்கும் சிற்றலை ஏறக்குறைய அதே 0.1. ஆயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டிய ரெகுலேட்டர் சிற்றலையைத் தொடவே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறகு, சுற்றில் வேறு குறை இல்லை என்று உறுதிசெய்துகொள்ள, ரெகுலேட்டரின் வெளிக்காலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆசிரியையின் மகன் கொண்டுவந்து தந்த 12 வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரியை இணைத்தேன். பெட்டி சுத்தமாகப் பாடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டார். பிறகு தாமே அதனுடன் சேர்ந்து பாடத் தொடங்கினார்.

சட்ஜம் ஆடுகிறது என்று அவர் சொன்னதற்கும் இங்கே விடை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவருடைய மாணவிகள் பாடுவது 5 கட்டை என்னும் சுருதியில். அந்தச் சட்ஜத்தின் அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ். சிற்றலை 100 ஹெர்ட்ஸ். அதன் வடிவம் வழவழப்பான அலையாக இல்லாமல் ரம்பப்பல்லாக இருப்பதால் அதனுள்ளேயே 200, 300 என்ற மேல்சுரங்களும் உண்டு. 196-ம் 200-ம் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கும். எந்த மீட்டரும் இல்லாமல் அந்த அம்மையாரின் காது, நான்கு ஹெர்ட்ஸ் வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சரியான சொல்லால் சொல்லியிருக்கிறது. மூன்று கடைகளிலும் அவர் அதையே சொல்லியிருக்கிறார். “உங்களுக்குப் பிரமை அம்மா” என்று ஓரிடத்தில் பதில் வந்ததாம். மாலையில் மட்டும் என்று அவர் சொன்னதை ஒருவராவது பொருட்படுத்தியிருந்தால் முதல் நாளே குறை தீர்ந்திருக்கும்.

தீர்வாக, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் 15 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மரைப் பொருத்தினேன். சுவரில் 194 இருந்தாலும் அதில் கண்டன்சருக்கு 16 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கிறது. பெட்டி இழுப்பது 200 மில்லி ஆம்பியர்தான் என்பதால் 2200 மைக்ரோஃபாரட்டே போதுமானது. பள்ளம் பதினைந்தரையைவிடக் கீழே போகவில்லை. பக்கச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய கண்டன்சரைக் கழற்றிவிட்டேன். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய கண்டன்சர் 25 வோல்ட் தாங்கும் வகை. சிறிய டிரான்ஸ்பார்மர்கள் சுமை இல்லாதபோது தம்மீது எழுதியிருப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தரும். 15 வோல்ட் என்பது 18 வரைகூடப் போகலாம், அதன் உச்சி 25-ஐத் தாண்டும். ஆகவே டிரான்ஸ்பார்மரை உயர்த்தினால் கண்டன்சரை 35 வோல்ட் வகையாகவும் மாற்றியே ஆக வேண்டும். நள்ளிரவில் சுவர் மின்னழுத்தம் 250 வரை ஏறினால் 7812-இல் ஏறத்தாழ இரண்டு வாட் வெப்பமாகும் என்பதால், அதற்கு வெப்பத்தை வெளியேற்றும் ஓர் அலுமினிய ஹீட் சிங்க்கும் வைத்தேன்.

எல்லா ரீங்காரத்துக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் தங்கள் இணைப்பில் வந்த குறிப்பின் பிழையை நானே திரும்பச் செய்தவனாவேன். ரீங்காரத்தைக் கேட்டதும் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி, அது சிற்றலைதானா என்பது. சுமையை, அதாவது ஒலி அளவை, கூட்டக் கூட்டச் சிற்றலையும் கூடும். சுமை எவ்வளவு ஆனாலும் மாறாத ரீங்காரம் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் அருகில் உள்ள ஒயரில் தூண்டுவது. டிரான்ஸ்பார்மரைச் சற்றுத் திருப்பி வைத்தாலே அது குறைவதைக் காணலாம். அதற்கும் கண்டன்சருக்கும் தொடர்பில்லை.

சிற்றலைதான் என்று தெரிந்த பிறகு, அது 100 ஹெர்ட்ஸா 50 ஹெர்ட்ஸா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. இருந்தால் ஒரு நொடியில் தெரியும். இல்லாவிட்டாலும் பழகிய காதுக்கு ஒன்று மற்றதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது தெரியும். 50 ஹெர்ட்ஸ் என்றால் பாலத்தில் ஒரு டையோடு அறுந்திருக்கிறது, அல்லது அதன் காலில் ஈயம் பிடிக்காமல் டிரை சால்டராகி இருக்கிறது. அலையின் ஒரு பாதி மட்டுமே வருவதால் கண்டன்சர் பத்து மில்லி நொடிக்குப் பதில் இருபது மில்லி நொடி சுமக்க வேண்டியிருக்கிறது. சிற்றலை இரண்டு மடங்காகிறது. இந்த நிலையில் இரண்டு மடங்கு பெரிய கண்டன்சர் போட்டால் ரீங்காரம் பழைய அளவுக்குக் குறைந்து, குறை தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் டிரான்ஸ்பார்மர் வழியே மின்னோட்டம் ஒரே திசையில் மட்டும் போவதால் அதன் இரும்பு உட்கரு மேலும் காந்தமேற முடியாதபடி செறிவடைந்து சுருள் சூடாகிக்கொண்டே இருக்கும். ஐந்து ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய 1என்4007 டையோடு ஒன்றுக்காக, சில மாதங்களில் டிரான்ஸ்பார்மரையே இழக்க நேரும்.

100 ஹெர்ட்ஸ் என்றால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். அதன் தலை உப்பியிருக்கிறதா, அடியில் ஈரம் கசிந்து பலகை கறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். சூடான ஹீட் சிங்க்கை ஒட்டி வைக்கப்பட்ட கண்டன்சர் முதலில் வறளும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொது விதி. சந்தேகம் இருந்தால் நல்ல கண்டன்சர் ஒன்றை, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில், நேர் எதிர் முனைகளைச் சரிபார்த்துப் பழையதற்கு இணையாகத் தொட வைத்துப் பிறகு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது பழைய, நம்பகமான முறை. ரீங்காரம் சட்டென்று நின்றால் பழைய கண்டன்சர்தான் குற்றவாளி. அப்போதும் முன்பிருந்த அளவுக்கே புதியதைப் போட்டால் போதும். மிகப் பெரிய கண்டன்சர் போட்டால் ஸ்விட்சைப் போடும் கணத்தில் டையோடுகள் வழியாகப் பாயும் மின்னோட்டம் கடுமையாகிறது. அதன் பிறகும் ஒவ்வொரு உச்சியிலும் குறுகிய நேரத்தில் பெரிய துடிப்பாகவே அது நிரம்புகிறது.

அந்தத் துடிப்புகள் வேறொரு கெடுதலையும் செய்யும். ஒரு பள்ளியின் காலை வழிபாட்டு ஒலிபெருக்கியில் அதைப் பார்த்தேன். கண்டன்சரைப் பெரிதாக்கிய பிறகு ரீங்காரம் கூடிவிட்டது என்று உடற்கல்வி ஆசிரியர் குழம்பிப் போயிருந்தார். மைக் பகுதியின் கிரவுண்ட் ஒயரை (மின்னோட்டம் திரும்பிவரும் பொது ஒயரை), டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து கண்டன்சருக்கு வரும் கிரவுண்ட் ஒயரின் நடுவில் யாரோ பற்ற வைத்திருந்தார்கள். அந்த ஒயரில் பதினைந்து சென்டிமீட்டர் நீளம் பொதுவாகிவிட்டது. அதன் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ஆனால் ஐந்து ஆம்பியர் துடிப்பு அதில் பாயும்போது 25 மில்லிவோல்ட் எழுகிறது. மைக்கிலிருந்து வருவதோ ஓரிரு மில்லிவோல்ட். கிரவுண்ட் ஒயரைக் கழற்றிக் கண்டன்சரின் எதிர் முனைக்கு அப்பால் பற்ற வைத்ததும் ஒலிபெருக்கி அமைதியாகிவிட்டது. ஒரு பொருளும் வாங்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை என்பது எனக்கு மிகுந்த கவலையளித்தது. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். கண்டன்சரைத் தொடுவதற்கு முன் அதன் முனைகளில் 100 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைச் சில நொடி வைத்து இறக்கிவிட வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது கண்ணுக்கும் கண்டன்சருக்கும் கேடு. நேர் எதிர் முனைகளை மாற்றிப் பொருத்தினால் கண்டன்சர் வெடித்துச் சூடான திரவம் முகத்தில் தெறிக்கும். புதிதாகப் பொருத்திய பிறகு முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்துக் கொடுப்பது நல்லது. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தத்தை, சுவர் மின்னழுத்தத்தையும் ரெகுலேட்டரின் உள்வரும் மின்னழுத்தத்தையும் அளந்த பிறகே கண்டன்சரை மாற்ற வேண்டும் என்ற அளவிலாவது, அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அடுத்தது, இதைப் படிக்கும் பாலிடெக்னிக் மற்றும் ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்கு. ரெகுலேட்டர் சோதனையை 230 வோல்ட்டில் மட்டும் செய்து பதிவேட்டில் எழுதி முடிக்காமல், மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் டிம்மர்ஸ்டாட் ஒன்றை வைத்து 250-லிருந்து 180 வரை மெல்ல இறக்கச் சொல்லி, எந்த வோல்ட்டில் வெளியே சிற்றலை தலைகாட்டுகிறது என்று மாணவர்களே சி.ஆர்.ஓ.வில் பார்க்கச் செய்யுங்கள். டிம்மர்ஸ்டாட் ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிறது. அந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்